பண்டிகை இல்லாதவர்களின் ஷிப்ட்

தீபாவளியன்று காலை ஏழு மணி ஷிப்ட்டுக்கு சேஷாத்ரி சார் வரவில்லை. ஏழேகால் ஆயிற்று. மொபைலையும் எடுக்கவில்லை. கடைசியாக டயாலிசிஸ் நடந்து மூன்று நாள் ஆகியிருந்தது. சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்கு நாள் தள்ளினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். ரொம்ப ஏறினால் இதயம் சொல்லிக்கொள்ளாமல் நின்றுவிடும்.

டயாலிசிஸ் டெக்னீஷியனாக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவள் நான். வராத பேஷண்டைத் தேடுவது எனக்குப் புதிதில்லை. அன்று பதறியதற்குக் காரணம் வேறு. அவரை அந்த ஷிப்ட்டில் போட்டதே நான்தான்.

1. சார்ட் போட்ட லட்சணம்

ஆழ்வார்பேட்டையில் ஆறு மிஷின் வைத்த சின்ன சென்டர் எங்களுடையது. தீபாவளிக்கு ஷிப்ட் சார்ட் போட்டு முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். "சிஸ்டர், எனக்கு முந்தின நாளே முடிச்சு விட்டுடுங்க" என்று ஆளாளுக்கு நிற்பார்கள். நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்து, சிஸ்டராகவே ரிட்டயர் ஆனேன்.

சேஷாத்ரி சார் மயிலாப்பூர்க்காரர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஆடி மாதம் அவர் மனைவி இறந்துபோனார். அதுவரை ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் வெளியே பெஞ்சில் காத்திருந்தது அந்த அம்மாதான். பிள்ளைகள் கிடையாது.

"சார், உங்களுக்குத்தான் இந்த வருஷம் பண்டிகை இல்லையே? முந்தின நாள் ஞாயித்துக்கிழமை உங்க டர்னை வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டு, உங்களை தீபாவளியன்னிக்குப் போட்டுக்கட்டுமா?"

"சரிம்மா" என்றார். துக்கம் நடந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை இல்லை என்பது ஊரறிந்த வழக்கம். சார்ட் சுலபமாக முடிந்ததே என்று எனக்கு சந்தோஷம்கூட. அவர் முகத்தைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

அதே ஷிப்ட்டுக்கு ராயப்பேட்டை டெய்லர் பஷீர் பாயும் வந்தார். "எனக்கு இன்னிக்கு இன்னா, நாளைக்கு இன்னா? போட்டுக்க சிஸ்டர்" என்று அவராகவே கேட்டுக்கொண்டது. நாலு வருடமாக சாருக்குப் பக்கத்து நாற்காலி.

2. காலியான நாற்காலி

பஷீர் பாயை மிஷினில் இணைக்கக் கையில் ஊசி போடப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

"வாத்தியார் வரட்டும் சிஸ்டர்."

"விளையாடாதீங்க பாய். உங்களுக்கே மூச்சு வாங்குது."

"வாங்கட்டும். அவரு வூட்டு லேண்ட்லைனுக்குப் போடு."

மூன்றாவது தடவை போட்டபோது சார் எடுத்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"வேண்டாம்மா. நாலு நாளா ஆத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்கலை. பண்டிகை இல்லாத ஆத்துக்குப் போவானேன்னு எல்லாரும் ஒதுங்கிண்டுட்டா. போதும், என்னை விட்டுடு."

ஒதுங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஒதுக்கி சார்ட்டில் எழுதியவள்.

பாய் போனை வாங்கிக்கொண்டார். "வாத்தியாரே, பஷீர் பேசறேன். நீ வராட்டி நான் ஊசி போட்டுக்க மாட்டேன். இப்படியே குந்திகினு இருப்பேன். என்னை இறக்கி வுட்ட ஆட்டோ வாசல்ல கீது, அனுப்பறேன்."

"உமக்கென்ன பைத்தியமா பாய்? முதல்ல ஊசியைப் போட்டுக்கும்."

"அதை இங்க வந்து சொல்லு." போனை வைத்துவிட்டார். வருகிறேன் என்று சார் சொல்லவே இல்லை.

ஆட்டோ போயிற்று. வெளியே சரவெடி. பாய்க்குக் கால் வீக்கம், மூச்சு இழுப்பு, நெற்றியில் வியர்வை. ஒரு ஆளைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரையும் விட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அந்த பயத்தில் அவரிடம் கத்தினேன்.

"எட்டு மணிக்கு மேல நீங்க சொல்றதைக் கேக்க மாட்டேன்."

"எட்டு வரைக்கும் கேப்ப இல்ல? போதும்."

எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆட்டோ சத்தம் கேட்டது. டிரைவர் தோளில் கைபோட்டு சார் இறங்கினார். கால் துவண்டது. டூட்டி டாக்டர் ஈசிஜியைப் பார்த்தார். உடனே மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். பயந்தபடியே பொட்டாசியம் ஏறியிருந்தது. இருவருக்கும் ஊசி போட்டு மிஷினை ஓடவிட்டேன்.

3. மறந்துபோன பாதி

ஒன்றரை மணி நேரத்தில் ஈசிஜி ஒழுங்குக்கு வந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. துக்க வீட்டில் பலகாரம் செய்ய மாட்டார்கள். அதனால்தான் அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வழக்கத்தில் எனக்கு வசதியான பாதியை மட்டும் ஞாபகம் வைத்திருந்தேன்.

டாக்டரிடம் கேட்டுவிட்டு என் டப்பாவிலிருந்து ஒரு சின்ன துண்டு மைசூர்பாகு கொடுத்தேன். "மன்னிச்சுடுங்க சார்" என்றேன்.

வாயில் போட்டுக்கொண்டார். "அவ போனப்பறம் இப்பத்தாம்மா நாக்குல தித்திப்பு தெரியறது" என்று சொல்லி அழ ஆரம்பித்தார்.

"அழு வாத்தியாரே, நல்லா அழு" என்றார் பாய். "கையை மட்டும் ஆட்டாத, ஊசி கீது."

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு மிஷினைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது சார்ட்டைப் பற்றி. யாருக்குப் பண்டிகை இல்லை என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். கேளுங்கள், கேட்கும்போது முகத்தைப் பாருங்கள்.

அடுத்த வருடம் நான் அப்படித்தான் கேட்டேன். "சார், இந்த வருஷம் உங்களுக்கு எந்த நாள் வேணும்? நீங்களே சொல்லுங்க."

சார் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். பாய் தூங்கிக்கொண்டிருந்தார்.

"தீபாவளியன்னிக்கே போடும்மா" என்றார். "நான் வரலைன்னா அந்த மனுஷன் ஊசி போட்டுக்க மாட்டார்."