சுவிட்ச் சாரின் முதல் படி

அலுவலகத்தில் அவருக்குச் ‘சுவிட்ச் சார்’ என்று பெயர். வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில், இணைப்புக் கிடைக்காமல் தவிப்பவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்வது அவர் வேலை. யார் என்ன முறையிட்டாலும் அவருடைய முதல் வாக்கியம் மாறாது: “முதல்ல மோடத்தோட பிளக்கைப் பிடுங்குங்க. கொஞ்சம் பொறுத்து மாட்டுங்க.” அதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று என்று அடித்துச் சொல்பவரையும் அவர் விட்டதில்லை. “எனக்காக இன்னொரு தடவை” என்பார். பாதிப் பேருடைய கோளாறு அதிலேயே தீர்ந்துவிடும்.

மோடத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து நிலைப்பதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் பொறுமையிழந்து மறுபடியும் பிளக்கில் கைவைப்பார்கள். வைத்தால் எல்லாம் ஆரம்பத்திலிருந்து. அதற்கு அவர் ஓர் உபாயம் வைத்திருந்தார். “உங்க ஜன்னல்லேர்ந்து என்ன தெரியுது?” என்று கேட்பார். எரிந்து விழுந்தவர்கூட எழுந்துபோய் எட்டிப் பார்த்து, எதிர்மாடியில் காயும் போர்வையைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு வந்துவிடும்.

முழங்கால் வலி வந்த பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க நிறுவனம் இசைந்தது. படுக்கையறை மூலையில் மேசையும் கணினியும் வந்தன. அதற்கடுத்து வந்தது புகார். ஒரு பெண்மணியை ஒரே அழைப்பில் திரும்பத் திரும்பப் பிளக்கைப் பிடுங்க வைத்தாராம். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும் என்றாள் மேலாளராக இருந்த இளம்பெண்.

மனைவிக்குப் பொறுக்கவில்லை. “அந்தம்மாவுக்குக் காது கேக்கலைன்னா இவர் என்ன பண்ணுவார்?” என்று மேலாளரிடமே சண்டை பிடித்தாள். வேலையில்லாத நாட்களில் அவர் சவரம் செய்துகொள்ளவில்லை. அழுக்குச் சட்டையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைக் காணச் சகிக்காமல் அவள் மீண்டும் மேலாளரை அழைத்தாள். இந்த முறை கெஞ்சினாள். ஒரு மாலைப்பொழுது மட்டும் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் வேலை இல்லை என்று முடிவாயிற்று.

அந்த மாலை, மழமழவென்று சவரம் செய்து, தேய்த்த சட்டை அணிந்து அவர் கணினியைத் திறந்தார். ‘இணைப்பு இல்லை’ என்றது திரை.

“சுவிட்ச் சார் வீட்டுலயேவா? வெளிய சொல்லிடாதீங்க, மானம் போயிடும்” என்றாள் மனைவி, துணிகளை மடித்துக்கொண்டே.

“மதியம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சே, அதுல மோடம் மக்கர் பண்ணுது. இதெல்லாம் எனக்கு ஜுஜுபி.”

பிளக்கைப் பிடுங்கினார், பொறுத்து மாட்டினார். கணினியிடம் போனார். இணைப்பு இல்லை. திரும்பி வந்தார். “முதல்ல பிளக்” என்று தனக்குள் சொல்லியபடி பிடுங்கினார், மாட்டினார், கணினியிடம் போனார். வேலையில் மும்முரமாக இருக்கிறார் என்று அவள் விட்டுவிட்டாள். மறுபடியும் வந்து பிடுங்கியபோதுதான் நிமிர்ந்தாள்.

“என்னங்க, இப்பதானே பிடுங்கி மாட்டினீங்க?”

“நானா? நான் இன்னும் தொடவே இல்லையே. எடுத்த எடுப்பிலேயே கேபிளைக் குடையக் கூடாதும்மா. முதல்ல பிளக்.”

விளையாட்டென்று சிரிக்க வாயெடுத்தாள். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. வாடிக்கையாளரிடம் பேசும் அதே பொறுமையான குரல். மோடத்தில் இப்போது எந்தக் கோளாறும் இல்லை. அது எழுந்திருக்கப் பார்த்தபோதெல்லாம் அவரே அதன் தலையில் தட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணிக்குக் காது நன்றாகத்தான் கேட்டிருக்கிறது.

பிளக்கை மாட்டிவிட்டுக் கணினியைப் பார்த்தவரின் கை மறுபடியும் சுவர்ப் பக்கம் நீண்டது. அவள் அதைப் பற்றிக்கொண்டாள்.

“ஜன்னல்லேர்ந்து என்ன தெரியுது? சொல்லுங்க.”

“என்கிட்டயே என் வித்தையா?” என்று சிரித்தாலும் எட்டிப் பார்த்தார். “எதிர்க் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறான். ஒரு கால் சாரத்துல, ஒரு கால் ஜன்னல் விளிம்புல. கீழேர்ந்து ஒருத்தன் கத்துறான்.”

“அப்புறம்?”

“ஒரு பூனை போகுது. உலகத்தையே தலைல தாங்குற மாதிரி நடை. அப்படியே உன் தம்பி.”

அவள் கையை விடவில்லை. கடைசி விளக்கும் எரிந்து நிலைத்தது.

“பாத்தியா? ஒரே தடவைதான். முதல் படியிலயே முடிஞ்சுது” என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

கூடத்தில் அவளுடைய கைப்பேசி ஒலித்தது. மேலாளர்தான். “அம்மா, சார் சிஸ்டத்துக்குள்ள வந்துட்டார். கஸ்டமர் கால் அனுப்பட்டுமா?”

கதவிடுக்கில் அவர் முதுகு தெரிந்தது. பரீட்சைக்கு வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வேண்டாம்மா. அனுப்பாதீங்க.”

“ஏம்மா? நீங்கதானே அவ்வளவு கேட்டீங்க?”

“கேட்டேன். அந்தம்மா சொன்னது நிஜம்தான். நான்தான் அவங்களைத் தப்பாப் பேசிட்டேன்.” சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

பெயிண்ட்காரன் இறங்கிப்போய், தெரு இருட்டும் வரையில் அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. அவள் விளக்கைப் போட வந்தபோது திரும்பிப் பார்த்தார்.

“இன்னிக்கு யாருக்கும் எந்தப் பிரச்னையும் இல்லை போலிருக்கு.”

“ஆமாங்க” என்றாள் அவள்.

“நல்லதுதான்” என்று அவர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.