யாரும் தேடாத இழுவைப்படகு

துறைமுகத்தில் அவளுக்குக் குரலக்கா என்று பெயர். கப்பல்காரர்கள் வைத்தது. அவர்களில் முக்கால்வாசிப் பேர் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. கோபுரத்தின் மேல்மாடியில், கண்ணாடிச் சுவர் போட்ட அறையில் உட்கார்ந்து, காற்று எப்படி, அலை எப்படி, எந்த மிதவையில் விளக்கு எரியவில்லை என்று வயர்லெஸ்ஸில் சொல்வது அவள் வேலை. புயல் வருகிறது என்பதைக்கூட பஸ் நேரம் சொல்வதுபோல் பதறாமல் சொல்லிவிடுவாள்.

அந்தக் குரலையும் ஒரு மூழ்கிய படகு தடுமாற வைத்தது.

மணல் ஏற்றி வந்த கப்பல் ஒன்று, துறைமுக வாயிலுக்கு வெளியே எதன்மீதோ உரசிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஆழம் அளக்கும் படகு போய்ப் பார்த்தது. கப்பல் போகும் வழியின் ஓரத்தில், கடலடிச் சேற்றில், ஓர் இழுவைப்படகு நிமிர்ந்த வாக்கில் உட்கார்ந்திருந்தது. பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுக்கிற வகை; துறைமுகத்தில் ‘டக்கு’ என்பார்கள். அதன் உச்சிக் கம்பம் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. மேலே வருகிற எதன் வயிற்றையும் கிழித்துவிடும்.

எந்தத் துறைமுகத்திலும் படகைக் காணோம் என்ற புகார் இல்லை. துறைமுக அதிகாரி பக்கத்துத் துறைமுகங்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்த்தார். எங்கள் படகுகள் கட்டின இடத்தில் பத்திரமாக இருக்கின்றன என்றே எல்லோரும் சொன்னார்கள். நீலமும் மஞ்சளுமாகப் பட்டை அடித்த மிதவை ஒன்றை அந்த இடத்தில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். குரலக்காவின் அறிவிப்பில் ஒரு வரி சேர்ந்தது: ‘அடையாளம் தெரியாத இழுவைப்படகு மூழ்கிக் கிடக்கிறது. விலகிச் செல்லவும்.’

முதல் தடவை படித்தபோதே அவளுக்கு நாக்கு இடறியது.

“சார், ஒரு டக்குன்னா நாலஞ்சு பேராவது இருப்பாங்க. அவங்க எங்க?” என்று அதிகாரியிடம் கேட்டாள்.

“இருந்திருந்தா வீட்ல தேடியிருப்பாங்களேம்மா.”

“எங்க தேடணும்னு தெரிஞ்சாத்தானே சார் தேடுவாங்க?”

அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். அவளுக்கோ அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பாள். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த வாடை வந்த பிறகுதான் திரும்புவாள். “ஊர்ல உள்ள படகெல்லாம் இவ தலையிலதான் ஓடுது” என்று மாமியார் துணியும் கையுமாக அடுப்பைத் துடைப்பாள்.

கவலைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வெளியே காத்திருக்கும் கப்பல்களுக்கு வழிகாட்டும் பைலட்டை ஏற்றிப் போகிற சின்னப் படகை ஓட்டுபவன் அவள் கணவன். அந்த இடத்தைத் தாண்டாமல் அவனுக்கு ஒரு நாளும் போகாது.

“மிதவை போட்டிருக்காங்கல்ல? அதை இடது கைப்பக்கம் விட்டுட்டுத் திரும்பினா ஆச்சு. நீ என்னமோ அந்த டக்குக்குச் சொந்தக்காரி மாதிரி பண்றே” என்றான் அவன்.

முக்குளிப்பவரை இறக்கினார்கள். மேலே வந்து முகமூடியைக் கழற்றியதும், பின்பக்கம் பெயர் இருக்க வேண்டிய இடத்தை யாரோ இயந்திரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள் என்றார். சுக்கான் அறைக் கதவு இறுகச் சாத்தியிருந்ததாம். உள்ளே ஆள் இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதற்குள் கடல் கலங்கிவிட்டது. அலை அடங்கினால்தான் மறுபடி இறங்க முடியும்.

அலை அடங்குவதாக இல்லை. அந்தச் சாத்திய கதவு அவளோடு பஸ்ஸில் வந்தது, சாப்பிட உட்கார்ந்தது, கழுத்துவரை போர்த்திக்கொண்ட போர்வைக்குள்ளும் வந்தது.

ஒரு மத்தியானம் மழை கொட்டியது. கணவன் பைலட்டை ஏற்றிக்கொண்டு கிளம்பியிருந்தான். படகு நிற்கும் இடத்தைக் காட்டும் வரைபடத் திரை பழுதாகிக் கழற்றப்பட்டிருந்தது. கண்ணை நம்பித்தான் ஓட்டினான். அப்போது ஒரு மீன்பிடிப் படகிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, நீலமும் மஞ்சளுமா ஒரு மிதவை எங்க வலைப் பக்கமா ஆடிக்கிட்டு வருது. உங்களுதா?”

மிதவை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மிதவை கண்ணில் படவில்லை என்றால், இடம் இன்னும் வரவில்லை என்று நினைத்து அவன் நேராகப் போய்க்கொண்டே இருப்பான்.

விதிப்படி படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். மழையும் இன்ஜினும் சேர்ந்து போட்ட சத்தத்தில், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவன் விட்டுவிட்டான். அவள் எழுந்து நின்று, மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஏங்க... ஏங்க, நிறுத்துங்க. மிதவை அங்க இல்லை. டக்கு உங்களுக்கு நேர் முன்னாடி கிடக்கு.”

அந்த ‘ஏங்க’ காதில் விழுந்ததும் யோசிக்காமலே அவன் கை இன்ஜின் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தது. படகு குலுங்கி நின்றது. ஓர் அலை தாழ்ந்த நேரத்தில், மூக்குக்கு நேரே கம்பத்தின் நுனி கறுப்பாகத் தலைகாட்டி மறைவதைப் பைலட் பார்த்தார்.

“நின்னுட்டேன்” என்று வயர்லெஸ்ஸில் சொன்னான்.

வெளியே நின்ற கப்பல்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. “எங்க வீட்டுக்காரம்மா கூப்பிட்டாங்களோன்னு நானும் ஒரு நிமிஷம் நின்னுட்டேன்” என்றார் ஒரு கேப்டன். கணவனுக்கு ‘ஏங்க கேப்டன்’ என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான்.

அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார். “படகோட பேரைச் சொல்லித்தானேம்மா கூப்பிடணும்?”

“சொன்னேன் சார். அவருக்குக் கேக்கல.”

அவர் இருமிக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கப் போனார்.

கடல் அடங்கியதும் முக்குளிப்பவர் மறுபடி இறங்கினார். இந்தத் தடவை கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அடித்தளத்தில் கடல்நீர் வரும் வால்வுகள் திறந்தே கிடந்தன. கைப்பிடிகளைக்கூடக் கழற்றி எடுத்திருந்தார்கள். வேண்டாத படகை யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து மூழ்கடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

மிதவைக் கிரேன் வந்து படகைத் தூக்கிக் கரையில் வைத்தது. விடுமுறை நாளில் குரலக்கா கணவனோடு போய்ப் பார்த்தாள். சேறு சொட்டிக்கொண்டிருந்த ஏணியில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். சுக்கான் அறையின் பின்சுவரில் டம்ளர் மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில்கூட டம்ளர் இல்லை. பக்கத்தில் சட்டை மாட்டுகிற ஆணிகளும் வெறுமையாக இருந்தன.

“பாத்தீங்களா? டம்ளரைக்கூட விடாம எடுத்துக்கிட்டுப் போயிருக்கானுங்க” என்றாள்.

“உயிரோட இருக்கானுங்கன்னு தெரிஞ்சுதுல்ல, விடு.”

“இருக்கட்டும், நல்லாவே இருக்கட்டும். அவனுங்களுக்காக நான் எத்தனை நாள் சோறு இறங்காம இருந்தேன்னு மட்டும் ஒரு தடவை சொல்லணும்.”

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. காலியான ஒரு கொக்கியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அது சுவரில் கெட்டியாக இருந்தது. கீழே, படகை வெட்டுவதற்கு ஆட்கள் கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.