டத்தோ கிராமாட்டில் பெய்யாத ஆலங்கட்டி

போன வாரம் கோலாலம்பூரிலிருந்து தங்கை மகள் ஒரு காணொளி அனுப்பியிருந்தாள். வாசலில் ஆலங்கட்டி மழை கொட்டுகிறது. அவள் போடும் கூச்சலில் பாதி ஊர் விழித்திருக்கும். கொஞ்ச நேரத்தில் எங்கள் குடும்பக் குழுவில் அத்தனை பேரும் வாயைப் பிளந்த பொம்மைகளைப் போட்டுவிட்டார்கள். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரே ஒரு ஆலங்கட்டி மழையை நம்பவைக்க என் அப்பா வருஷக்கணக்கில் தொண்டை வறளப் பேசியவர்.

எழுபதுகளில் அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. யாழ்ப்பாண வழி. இரண்டு விஷயத்தில் கர்வம் உண்டு: பொய் சொன்னதில்லை, நாற்றமடிக்கும் முள்பழமான டுரியானைத் தொட்டதில்லை. அம்மா போன பிறகு வீட்டில் பேச்சையும் விட்டுவிட்டார். “சாப்பிட்டாச்சோ?”, “படிச்சாச்சோ?” எங்களுக்குக் கிடைத்த ரேஷன் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் பழைய கெரெத்தா ஒன்றை வாங்கினார். வாங்கிய கையோடு பக்கத்து வட்டாரமான ஆயர் ஈத்தாமுக்கு யாரையோ பார்க்கப் போனவர் திரும்பி வந்தபோது, காரின் கூரையும் பானெட்டும் அம்மை போட்ட முகம்போல் இருந்தன. நேரே எங்கள் தெருமுனை சம்சு பாய் சாப்பாட்டுக்கடை முன்னால் நிறுத்தி, பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். ரொட்டி வாங்க நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

“ஐசே, வானத்திலையிருந்து ஐஸ் விழுந்தது! லேஞ்சிக்குள்ளை கட்டிக்கொண்டு வந்தனான், பாரும்!”

பாய் பார்த்தார். ஈரத் துணி. எங்கள் டத்தோ கிராமாட்டிலோ அன்று சாலை காய்ந்து கிடந்தது. ஆலங்கட்டிக்கு இந்த ஓரவஞ்சனை உண்டு. ஒரு வட்டாரத்தை நொறுக்கும், பக்கத்து வட்டாரத்தில் ஒரு துளி விழாது.

“கிராணியாரே, முள்ளு முள்ளா குத்தியிருக்கே. டுரியான் மரத்தடியில கெரெத்தாவ போட்டுட்டு உள்ள போயி ஒரு வெட்டு வெட்டுனீங்களா?”

கடையே சிரித்தது. ஒரே கேள்வியில் இரண்டு கர்வமும் போயிற்று. அப்பாவுக்குக் காது சிவந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அலுவலகம் விட்டால் நேரே கடைதான். தேநீர்க் கொதிகலனில் எழும் ஆவியைக் காட்டித் தொடங்குவார். சூட்டுக் காற்று நீர்த்துளியை மேலே தூக்குகிறது; அங்கே குளிரில் உறைகிறது; காற்று அதை விழவிடாமல் தாங்கிப் பிடிக்க, மேலும் மேலும் ஈரம் ஒட்டித் தடிக்கிறது. பாயின் வெங்காயத்தையே வெட்டி, “இப்பிடித்தான் தோல் தோலாய் வளரும்” என்பார். கனம் தாங்காமல் காற்று கைவிட்டதும் கீழே. நம் ஊர்ச் சூட்டில் பெரும்பாலும் வழியிலேயே உருகிவிடும். பெரிய கட்டிதான் தரையைத் தொடும். தொட்டால் என்ன ஆகும்? கீரைப் பாத்திகள் கந்தலானதையும் கூரைகள் ஓட்டையானதையும் சொல்வார். பொய் சொல்லாத மனிதர்தான். ஆனாலும் ஓட்டைக் கூரைகள் மாதாமாதம் பெருகின.

“ஆவி மேல போயி இவ்ளோ வேல செய்யுதா? நம்ம பையனுங்க ஒரு மங்கு கழுவ மாட்டேங்கிறானுங்க லா!”

வீட்டில் எங்களை உட்காரவைத்து ஒத்திகை நடக்கும். பாய் இப்படிக் கேட்டால் என்ன சொல்லலாம்? அம்மா போன பிறகு, அப்பா எங்களிடம் ஒன்றைக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது அப்போதுதான்.

தொண்ணூறுகளில் அப்பா காலமானார், பாயை நம்பவைக்காமலே. கடைசி மாதத்தில்கூட, “அந்த மனுசன் என்னைப் பொய்யனெண்டே நினைச்சுப்போட்டான்” என்றார். காரியமெல்லாம் முடிந்து கடைக்குப் போனேன். கோபத்தை மறைக்கத் தோன்றவில்லை.

“நம்புறேன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாமே, பாய்?”

“அன்னிக்குச் சாயங்காலமே ஆயர் ஈத்தாம்லருந்து என் மச்சான் வந்து சொல்லிட்டான் தம்பி. அவன் வீட்டுக் கூரையும் போச்சு.”

“தெரிஞ்சுமா?”

“நம்பிட்டேன்னா மறுநா வருவாரா லா? ஒங்கம்மா தவறினப்புறம், கோப்பியக் குடிச்சிட்டு செவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. டுரியான்னு சொன்னப்பத்தான் வாயத் தொறந்தாரு.”

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா அந்த வழக்கில் தோற்றுக்கொண்டே இருந்தாரே என்று எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். முதல் நாளே ஜெயித்திருந்தால், அவரையும் நாங்கள் அன்றே இழந்திருப்போம்.