லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்தீங்களா?

வலைப்பூ எழுதுவது பாதி வேலைதான். எழுதியிருக்கிறேன் என்று நாலு பேருக்குத் தெரியவைப்பது மீதிப் பாதி, அந்த மீதிப் பாதி ஒருநாளும் முடிவதில்லை.

எனக்கு வீடு ராஜபாளையத்தில். கடை ஸ்ரீவில்லிபுத்தூரில், தாலுகா ஆபீசுக்கு நடந்துபோகிற தூரத்தில். டைப்பிங், ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம். என்னோடு டைப் அடிக்கப் பத்மா இருக்கிறாள். ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒரு வாரத்தில்தான் ‘எந்த மனு, எந்த ஆபீஸ்’ என்று ஒரு வலைப்பூ தொடங்கினேன். எல்லாப் பதிலையும் எழுதிவைத்துவிட்டால் அதன்பிறகு நான் பேசவே வேண்டாம் என்று நினைத்தேன். நீங்களும் இப்படி எதையாவது நம்பி ஒரு வலைப்பூ தொடங்கியவர் என்றால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள்.

கும்பிட்ட கைகள்

முதல் பதிவு, பிறப்புச் சான்றில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது எப்படி என்பது. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். லிங்க்கை எடுத்துப் பள்ளித் தோழிகள் குழு, கணவர் வீட்டார் குழு, சர்ச் பாடகர் குழு என்று எனக்கிருந்த எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் கைதட்டலும் பூங்கொத்தும் கும்பிடுமாக வந்து குவிந்தன. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாயங்காலம் எத்தனை பேர் படித்திருக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று. ஒன்று என் போன், ஒன்று கடைக் கம்ப்யூட்டர். மூன்றாவது யார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்குப் போனால், கணவர் சோபாவில் உட்கார்ந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல், பள்ளித் தோழிகள் குழுவில் வரிசையாக ஐந்து கும்பிடு போட்டிருந்த வசந்தாவைப் போனில் கூப்பிட்டேன். ஏட்டி, லிங்க்கைத் தொறந்து பாத்தியா இல்லையா என்று கேட்டேன். அவள் கொஞ்சம்கூடத் தயங்காமல் சொன்னாள்:

“தொறக்கவெல்லாம் இல்லட்டி. நீ என்னமோ நல்லது பண்ணியிருக்கேன்னு தெரிஞ்சுது, கும்பிட்டுட்டேன்.”

நாலு வரி

வெறும் லிங்க்கை யாரும் தொடமாட்டார்கள் என்று புரிந்தது. அதனால் பதிவின் முதல் நாலு வரியைச் செய்தியிலேயே போட்டு, கீழே ‘மேலும் படிக்க’ என்று லிங்க் கொடுக்க ஆரம்பித்தேன். ஆசையைத் தூண்டுகிற இடத்தில் வெட்டி நிறுத்துவதில் நான் கெட்டிக்காரியாகிவிட்டேன். படிக்கிறவர்கள் எண்ணிக்கையும் ஏறியது.

அப்போது சுந்தரபாண்டியத்திலிருந்து கருப்பசாமி என்கிற விவசாயி வந்தார். அப்பா தவறிவிட்டார், வாரிசுச் சான்றிதழ் எடுக்கவேண்டும். கையில் ஒரு மஞ்சள் பையில் இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, எல்லோருடைய ஆதார் நகல். நான் அனுப்பிய நாலு வரியில் இருந்ததெல்லாம் அப்படியே இருந்தது. வாரிசுகளின் பெயரைக் கேட்டுக்கொண்டே வந்தபோது, அண்ணன் ஒருவர் முன்பே இறந்துபோனவர் என்றார். அப்படியானால் அவருடைய இறப்புச் சான்றும் வேண்டும். அது ஐந்தாவது வரியில் இருந்தது, லிங்க்குக்கு அந்தப் பக்கம்.

“கீழ தொட்டுப் பாத்திருந்தீங்கன்னா இருந்திருக்கும்ணே” என்றேன். அவர் பையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் வயலுக்குத் தண்ணீர் முறை. அதை விட்டுவிட்டுத்தான் கிளம்பி வந்திருக்கிறார். அன்றிலிருந்து, தெரிந்தே ஆகவேண்டியதெல்லாம் செய்தியிலேயே இருக்கும். லிங்க் மீதிக்கு மட்டும்தான். படிப்போர் எண்ணிக்கை இறங்கியது, இறங்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஏனென்றால் அவர் கோபப்படாமல்தான் சொல்லிவிட்டுப் போனார்:

“பாதி சொல்றதுக்குப் பேசாம இருந்திருக்கலாம் தாயி. நான் ஆபீஸ்லயே போயி முழுசாக் கேட்டிருப்பேன்.”

எந்தத் துறை

பதிவுகள் பெருகின. அடுக்கிவைக்க வேண்டுமே என்று தலைப்புகள் போட்டேன்: ‘வருவாய்த்துறை’, ‘பதிவுத்துறை’, ‘உள்ளாட்சி’, ‘சமூக நலம்’. ஃபேஸ்புக் பக்கத்திலும் அதே தலைப்புகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து செய்த வேலை. பத்மாகூட எட்டிப் பார்த்து, பீரோவில் சேலை அடுக்கினமாதிரி இருக்குதுக்கா என்றாள்.

அந்த வாரமே கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்தாள். கடையில் கூட்டம். செத்த நேரம் உட்காரும்மா, அதுக்குள்ள நம்ம வலைப்பூவில் தேடிப் பாரு, எல்லாமே இருக்கும் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் போனில் எதையோ டைப் செய்தாள், அழித்தாள், மறுபடி டைப் செய்தாள். கால் மணி நேரம் கழித்து, ஒண்ணும் வரலைக்கா என்று போனை நீட்டினாள். தேடும் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது அப்படியே நின்றது: ‘அப்பா இறந்துட்டா என்ன செய்யணும்’. அதற்குக் கீழே என் வலைப்பூ சொல்லியிருந்தது: ‘எதுவும் கிடைக்கவில்லை’.

அவளுக்குத் தேவையான ஏழு பதிவுகள் உள்ளே இருந்தன. ஏழும் நாலு துறைகளுக்குள் சிதறிக் கிடந்தன. நான் அவள் கண்ணைப் பார்க்காமல், அது வருவாய்த்துறைங்கிற தலைப்புல இருக்கும்மா என்று ஏதோ முனகினேன். இப்போது தலைப்புகள் ‘வீட்டில் ஒருவர் இறந்தால்’, ‘பிள்ளை பிறந்தால்’, ‘ஊர் மாறினால்’, ‘பெயர் தப்பாக விழுந்துவிட்டால்’ என்று இருக்கின்றன. நல்ல யோசனை என்று பலர் பாராட்டுகிறார்கள். யோசனை என்னுடையதில்லை. அந்தப் பெண் சொன்னது:

“எங்களுக்கு என்ன நடந்துச்சுன்னுதான் எங்களுக்குத் தெரியும்க்கா. அது எந்தத் துறைன்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

பெயர் இல்லாத தாள்

ராஜபாளையத்தில் பஸ் ஏறப்போகும்போது ஒருநாள் ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் என் எழுத்தைப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் என்னுடைய முதியோர் உதவித்தொகைப் பதிவு. பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தார்கள். கீழே என் பெயரும் இல்லை, வலைப்பூவின் பெயரும் இல்லை. திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்த வேகத்தில் உள்ளே போனேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வேகம் தெரியும்.

கடைக்காரர் நிதானமாக என்னை உட்காரச் சொன்னார். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பெண்கள் வந்து, சுவருக்கு முன்னால் நின்று, ஒருத்தி வாசிக்க ஒருத்தி விரல்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக நினைவில் வைத்துக்கொண்டார்கள். இருவரிடமும் போன் இருந்ததாகத் தெரியவில்லை. என் பதிவு போகவே முடியாத இடத்துக்கு அந்தத் தாள் போயிருந்தது. குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, பேரையாவது போட்டிருக்கலாமே என்றேன். அவர் சுவரைக் காட்டி, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்:

“போட்டுத்தான் வச்சிருந்தேன் மேடம். எழுத்தைப் பெருசாக்குனதுல ஒங்க பேரு தாளுக்கு வெளிய போயிருச்சு.”

பால்கோவா

ரீல்ஸ் போடாமல் இந்தக் காலத்தில் எதுவும் நகராது என்று எல்லோரும் சொன்னார்கள். தெரிந்த ஒரு கடையில் பால்கோவா கிண்டுவதை அரை நிமிடம் படம் பிடித்து, ‘எங்க ஊர்’ என்று போட்டேன். அது எங்கெங்கோ ஓடியது. சேலத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் வந்து என் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். பத்மா மணிக்கொரு தடவை எண்ணிக்கையைச் சத்தமாக வாசித்தாள். கூரியர் உண்டா, கிலோ என்ன விலை, வெல்லம் போட்டதா என்று கேள்விகள். சந்தோஷமாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் குவியலின் அடியில் ஒரு கேள்வியைப் பார்த்தேன். வருமானச் சான்று எத்தனை நாளில் கிடைக்கும், மகளுக்கு உதவித்தொகைக்காக வியாழக்கிழமைக்குள் கல்லூரியில் கொடுக்கவேண்டும் என்று செவ்வாய்க்கிழமையே ஓர் அம்மா கேட்டிருந்தார். பேண்டேஜ் துணி நெய்கிற தறியில் வேலை பார்ப்பவர். நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். அன்றைக்கே விண்ணப்பித்து, மறுநாள் தாயோடும் மகளோடும் நானும் கல்லூரிக்குப் போய் நின்றேன். ஆபீசில் கெஞ்சி ஒரு வாரம் அவகாசம் வாங்கினோம். சான்று வந்தது, கொடுத்தும் விட்டார்கள்.

பால்கோவா வீடியோவைப் பக்கத்திலிருந்து நீக்கிவிட்டேன். கேள்விகளுக்கென்று தனியாக ஒரு நம்பர் வைத்து, பக்கத்தின் உச்சியில் நிரந்தரமாகப் பொருத்தினேன். வந்த கூட்டத்தில் பெரும்பகுதி வந்த வேகத்தில் போய்விட்டது. அதற்கு நான் வருந்தவில்லை. கல்லூரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அந்த அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னதுதான் இன்னும் இறங்கவில்லை:

“மூணு நாளாப் பதில் வரலையா, பெரிய ஆளாயிட்டீங்க போலன்னு நெனச்சுக்கிட்டோம்.”

தேதி

இதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம், சொல்லத் தயக்கம்தான்.

ஒரு மழைக்காலத்தில் பிளவக்கல் அணையில் தண்ணீர் திறப்பதாக அறிவிப்பு வந்தது. ஓடைக்கரையில் இருப்பவர்கள் மேட்டுக்குப் போகவேண்டும். நீல நிறத்தில் அலை வரைந்து, அழகான எழுத்தில் ஒரு படமாகச் செய்து எல்லாக் குழுக்களிலும் அனுப்பினேன். கீழே வலைப்பூ பெயரும் கடை நம்பரும் இருந்தன. தேதி இல்லை. தேதியைப் போட்டால் அலை மறைந்தது, எடுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம், லேசாகத் தூறிய ஒரு மத்தியானம் போன் வந்தது. வத்திராயிருப்புப் பக்கம் ஓடைக்கரையில் ஆடு வளர்க்கிற முத்துமாரி என்கிற பெண். “யக்கா, உங்க படம் வந்துச்சு. ஆடு அம்புட்டையும் அவுத்துட்டு, அரிசி மூட்டையத் தூக்கிட்டு ரோட்டுல நிக்கோம். தண்ணி எப்பக்கா வருது?” எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் படத்தை அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். என் நீல அலை. யாரோ பழையதை எடுத்து மறுபடி சுற்றில் விட்டிருந்தார்கள்.

“இது போன வருசத்துப் படம்மா. தண்ணி ஒண்ணும் வரலை” என்றேன். அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவதும் ஒரு குழந்தை அழுவதும் கேட்டது. “சரிக்கா” என்று வைத்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தப்பு என்னுடையது என்று எல்லா இடத்திலும் எழுதினேன். மொத்தம் பதினோரு வீட்டுக்காரர்கள் மழையில் நின்றிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

ஒன்றரை மாதம் கழித்து நல்ல மழை. காலையில் நிஜமாகவே அறிவிப்பு வந்தது. தாலுகா ஆபீசுக்குப் போன் போட்டு உறுதிசெய்துகொண்டு, தேதியும் நேரமும் பாதி இடத்தை அடைக்கும்படி புதுப் படம் செய்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் ஒருவர் கீழே எழுதினார்: ‘இது பழசு, யாரும் நம்பவேண்டாம்.’ அதற்குச் சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. நான் மறுத்து எழுதியது அந்தச் சிரிப்புகளுக்கு நடுவில் மேலே ஓடிப் போய்விட்டது.

முத்துமாரியின் நம்பர் போனில் இருந்தது. மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை எடுத்தாள். என்ன பேசினேன் என்று ஒழுங்காக நினைவில்லை. இது புதுசு, நானே கேட்டேன், இன்னைக்குத்தான், கெளம்புங்க என்று முன்னும் பின்னுமாக உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அன்றைக்குப் போலவே “சரிக்கா” என்று வைத்துவிட்டாள். அன்று முழுவதும் என்னால் ஒரு வரி டைப் செய்ய முடியவில்லை. பத்மாதான் எல்லா வேலையையும் பார்த்தாள்.

மறுநாள் முத்துமாரியே கூப்பிட்டாள். பிற்பகலில் ஓடை ஏறிக் கொட்டகைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்திருக்கிறது. அதற்கு முன்பே பதினோரு வீட்டையும் அவள் கிளப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சில கோழிகள் போனதோடு சரி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, தேதியை இந்தத் தடவை பெருசாப் போட்டிருந்தேனே, பாத்தியா என்று கேட்டேன். அவள் சொன்னாள்:

“படத்தை யாருக்கா பாத்தா? நீங்க போன்ல மூச்சு வாங்குனதக் கேட்டுத்தான் கெளம்புனோம்.”

இத்தனை வருஷத்தில் நான் கண்டுகொண்டது இவ்வளவுதான்: வலைப்பூவை எத்தனை இடத்தில் பரப்பினாலும் பாராட்டுகிறவர்கள் படிக்காமலே பாராட்டிவிடுகிறார்கள், ஆகவே முழுசாகப் படித்துவிட்டுத் திட்ட வருகிறவர் வழிகேட்டு அலையாதபடி கடை முகவரியை மட்டும் தப்பில்லாமல் போட்டுவைத்தால் போதும்.