கால் எட்டும் இடம்

அலுவலகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் என் வலது முட்டி பாதிக்கு மேல் மடங்க மறுத்தது. பைக்கில் கால் வைக்கும் இடமோ சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. பெங்களூர் பஸ்ஸில் வைட்ஃபீல்ட் அலுவலகத்துக்குப் போய்வந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வந்தது.

காலை முன்னால் நீட்டி ஓட்டுவதற்கென்று ஃபுட்ரெஸ்ட், பிரேக், கியர் எல்லாம் சேர்ந்த செட் கிடைக்கும் என்று ஜீவனஹள்ளி மெக்கானிக் சொன்னார். தமிழர்தான்; கோபம் வந்தால் மட்டும் கன்னடம்.

"ரெண்டு இருக்கு சார். கம்பெனி செட் போட்டா டென்ஷனே இல்ல, ஆனா ஒரே இடம்தான். வெளி செட்டுல மூணு ஓட்டை இருக்கு. கால் சரியாக ஆக, பின்னாடி தள்ளிக்கலாம்."

"கம்பெனி செட்டே போடுங்க" என்றாள் கூட வந்திருந்த மனைவி. "அது மடங்குறப்ப மடங்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என் முட்டியை இவள் கைகழுவிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வீம்புக்கென்றே வெளி செட்டை வாங்கினேன்.

பொருத்தும் அன்று பிசியோதெரபி முடிந்து நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வெந்நீர் ஒத்தடம், கரண்ட், அமுக்கல் எல்லாம் முடிந்த முட்டி வெண்ணெய்போல மடங்கியது. முன் ஓட்டையில் வைக்கலாம் என்றவரை மறித்து, நடு ஓட்டையிலேயே வைக்கச் சொன்னேன். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்பினேன். தெருமுனை வரைக்கும் ராஜா நான்தான்.

மறுநாள் காலைக் குளிரில் முட்டி தன் சுயரூபத்தைக் காட்டியது. வலி தாங்காமல் காலைத் தொங்கவிட்டே ஓட்டினேன். மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன தண்ணீர் லாரி சட்டென்று நின்றது. கால் பிரேக்குக்குப் போகவில்லை. கை பிரேக்கை முழுசாக இழுத்தேன்; பைக் ஆடி, லாரியின் பின்பக்கத்தைத் தொடாத குறையாக நின்றது. பின்னால் வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே கன்னடத்தில் விசாரித்தார். வண்டியை ஓரங்கட்டினேன்.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பிசியோதெரபிக்குப் போனபோது, "இதுக்கு மேல மடங்குமா?" என்று முதல்முறையாக நேராகக் கேட்டேன். சிகிச்சை தரும் பெண் என் முட்டியிலிருந்து கையை எடுக்காமல், "இவ்ளோதான் சார். இத இப்படியே வச்சுக்கறதுக்குத்தான் இனிமே எக்சர்சைஸ்" என்றாள். இந்தப் பதிலுக்குப் பயந்துதான் அதுவரை நான் கேட்கவில்லை.

மெக்கானிக்கிடம் போய் கம்பெனி செட்டையே போடச் சொன்னேன்.

"எதுக்கு சார் வீண் செலவு? இருக்கறதையே முன் ஓட்டையில மாட்டித் தரேன். கால் சரியானா திருப்பித் தள்ளிக்கலாம்ல?"

"அதனாலதான் வேணாம்."

அவர் என் காலைப் பார்த்தார். பழைய போல்ட்டுகளைக் கழற்ற உட்கார்ந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டி, முகம் தெரியாதபடி அதன் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் முடிக்கும்வரை அப்படியே நின்றிருந்தேன்.