பேசுவதற்கு மட்டும் வேண்டிய மின்சாரம்

பகலெல்லாம் வெயில் குடித்த கல்லூரி மொட்டை மாடி, அந்தி சாயும்போதும் உள்ளங்காலைச் சுட்டது. கால்களை மாற்றி மாற்றி வைத்தபடி, ரேடியோ இரைச்சலுக்குள் ஒரு சின்ன "கீக்" சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்ததுதான் என் ஐந்தாம் வகுப்புக் கோடை விடுமுறை. மதுக்கரையில் அம்மா ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விடுவதால், கோவையில் பொறியியல் படித்த காயத்ரி அக்கா என்னையும் தன் கல்லூரிக்குக் கூட்டிப்போவாள். அவளும் நண்பர்களும் சேர்ந்து ரொட்டிப் பாக்கெட் அளவில் ஒரு செயற்கைக்கோள் செய்திருந்தார்கள். அது ராக்கெட்டில் ஏறிப் போய்ச் சேர்ந்த அன்று கல்லூரி முழுக்க லட்டு.

சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது, சூரியத் தகடு விரியவில்லை என்று. எங்கள் வானத்தைக் கடக்கும் ஒவ்வொரு மாலையும் அதன் குரல் தேய்ந்துகொண்டே போனது.

"கரண்டு தீந்துபோனா கீழ உழுந்துருமாக்கா?"

"சுத்தறதுக்குக் கரண்டே வேண்டாம் கண்ணு. ராக்கெட்டு குடுத்த வேகம் இருக்குது, பூமி புடிச்சு இழுக்குது, அதுபாட்டுக்குச் சுத்தும். பேசறதுக்குத்தான் கரண்டு வேணும்."

விழுவதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்காவின் தோழன் பெலிக்ஸ் ஒரு மாலை அவளிடம் கெஞ்சினான். "அணைச்சா மறுக்கா எந்திரிக்குமான்னு யாருக்குத் தெரியும்? பேசற வரைக்கும் பேசட்டும், உடு."

"இப்படியே பேசுனா நாளைக்கே செத்துப்போகும், பெலிக்ஸ். கொஞ்ச நாளைக்குச் சும்மா இருந்தாத்தான் பேட்டரி ஏறும்."

குழுவுக்குத் தலைவி அவள்தான். செயற்கைக்கோளின் உடம்பில் ஒட்டிய சிறு தகடுகளில் விழும் கொஞ்ச வெயிலாவது பேட்டரிக்குச் சேரட்டும் என்று, அடங்கு என்ற கட்டளையை அனுப்பினாள். "கீக்" நின்றது. எழுந்திருக்க வேண்டிய நாளில் எழுப்பினாள், பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

நண்பர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போனார்கள். பெலிக்ஸும் பெங்களூர் போனான். அக்கா மட்டும் மழைக்காலம் முழுக்கக் குடையும் ஆன்டெனாவுமாக அந்த மாடிக்குப் போய்வந்தாள். படிப்பு முடிந்தும் வந்த வேலைகளைத் தள்ளிப்போட்டாள். கழுத்தெலும்பு தெரிய இளைத்தாள்.

"ஒருவாய் உண்டுபோட்டுப் போ அம்மணி. அது எங்க ஓடிப்போவுது?" என்பாள் அம்மா.

"எறங்கிட்டே இருக்குதும்மா. மேல இருக்கற கொஞ்சக் காத்து ஒரசி ஒரசி அதோட சக்தியைத் திங்குது. எறங்க எறங்க வேகம் ஏறுது. நேத்தைக்கு விட இன்னைக்கு வெரசா வந்துரும்."

"சத்து போறதுக்கு வேகம் எப்படிடி வரும்?"

"கீழ வாரதுனாலதாம்மா" என்றாள் அக்கா. சொல்லும்போதே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த கோடைக்கு முன்பு அது காற்றில் எரிந்து போனதாகச் செய்தி வந்தது. அன்று மாலை தட்டின் முன்னால் உட்கார்ந்த அக்கா, பிசைந்த சோற்றிலிருந்து கையை எடுக்காமலே அழுதாள். "நான் கூப்புட்டதெல்லாம் அதுக்குக் கேட்டுச்சோ என்னமோம்மா. பதில் சொல்லத்தான் தெம்பில்லாமப் போச்சோ" என்றாள். அம்மா எச்சில் கையோடு அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

கல்லூரியின் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அங்கே இப்போது பேருந்துகள் நிற்கின்றன. அக்கா சென்னையில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறாள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஆனால் நான் அவள் வீட்டுக்குப் போகும் நாட்களில், பொழுது சாய்ந்ததும், மாடியில் காயும் துணிகளை எடுத்துவர என்னைத்தான் அனுப்புகிறாள்.