மூன்று காப்பி, ஒரு ஃபங்ஷன்

பழுத்த பேரிக்காய் வாசனை வந்தால் போதும், அந்த மழை நாள் ஞாபகம் வந்துவிடும் எனக்கு. கொடைக்கானல் பஜாரில் சாகுல் பாயின் பழக் கிட்டங்கி. வெளியே மழை. உள்ளே, என் ப்ரோக்ராம் கைவிட்ட இருபத்திரண்டு பெட்டிகள்.

எந்தப் பெட்டி முதலில் லாரி ஏற வேண்டும் என்று வரிசை போட்டுத் தரும் ப்ரோக்ராம் அது. ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் லாங்குவேஜில் எழுதியிருந்தேன். பாய்க்கு ஒருநாள் பெரிய பழம் முந்தி, ஒருநாள் பழுத்தது முந்தி, ஒருநாள் தூர ஊர் முந்தி. ஒவ்வொன்றுக்கும் அதே ப்ரோக்ராமை ஒரு காப்பி எடுத்து, ஒரு வரியை மட்டும் மாற்றி வைத்தேன். எடை எழுதாத பெட்டி லிஸ்டிலிருந்து விழுந்துவிடும் பிழையை முதல் காப்பியில் திருத்தினேன். மற்ற இரண்டை மறந்தே போனேன்.

அன்று மலைச்சாலையில் மண் சரிவு. மூன்று மணிக்குள் ஒரே ஒரு லாரி இறங்கலாம் என்றார்கள். பழுத்தது முந்தி என்ற காப்பியை ஓட்டினார் பாய்.

"சார், வில்பட்டி செல்வியக்கா பெட்டி ஒண்ணுகூட லிஸ்ட்ல இல்ல. அம்புட்டும் பழுத்துக் கெடக்கு. இன்னிக்கு ஏறலேன்னா அந்தம்மாவுக்கு வருசமே போச்சு. ஏன் சார், ஒங்க மெஷினுக்கு வில்பட்டின்னா ஆகாதா?"

எடை எழுதாத பெட்டிகள் அவை; நான் திருத்த மறந்த காப்பி விட்டுவிட்டிருந்தது. கையால் தூக்கி ஏற்றலாம்தான். பதிலுக்கு யார் பெட்டியை இறக்குவது?

அட்டுவம்பட்டி ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் ஜெசிந்தாவும் கூட வந்திருந்தாள்; லேப்டாப்பை வாங்கிப் பார்த்தாள்.

"நீங்க ஒண்ணுல திருத்துனத விட்டா, மூணுலயும் ஒரு வரிதான்ணே வேற. ரெண்டு பெட்டியில எது முந்தின்னு பாக்குற வரி. அத ஃபங்ஷனா வெளிய எடுங்க, ஆர்கியுமென்ட்டா உள்ள அனுப்புங்க. காப்பியடிக்கிறத ஸ்கூலோட விட்டிருக்கக் கூடாதா?"

சுருக்கென்றது. எண்ணை அனுப்புவதுபோல, பெயரை அனுப்புவதுபோல, முடிவெடுக்கும் முறையையே உள்ளே அனுப்பலாம் இந்த மொழியில். அதற்காகத்தானே இதைப் பிடித்தேன்! இரண்டு காப்பியை அழித்தேன். திருத்திய ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"பழுத்தது முந்தி," என்றார் பாய். "ரெண்டும் ஒண்ணுபோலப் பழுத்திருந்தா வத்தலக்குண்டு போற பெட்டி பிந்தி. பக்கம்தானே, நாளைக்குப் போகட்டும்."

இரண்டே வரியில் ஒரு புது ஃபங்ஷன். உள்ளே கொடுத்தேன். வேறெதையும் தொடவில்லை. லிஸ்டில் வரிசையாக வந்து நின்றன செல்வியக்காவின் இருபத்திரண்டும். மூன்றடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் லாரி நகர்ந்தது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தினம் மாறுகிறதை ப்ரோக்ராமுக்குள் புதைக்காதீர்கள். வெளியே வைத்து, வேண்டும்போது உள்ளே கொடுங்கள்.

மழை விட்டிருந்தது. பாய் ஷட்டரை இழுத்தார்.

"வெரசா வீடு போய்ச் சேருங்க சார். நாளைக்கு ப்ளம்ஸ் வருது. அதுல எது முந்தின்னு எனக்கே இன்னும் தெரியாது. எடத்த மட்டும் காலியா வச்சிருங்க, வந்து சொல்றேன்."